ஹைபரி தெருக்களில் ஹெர்பர்ட் சாப்மன்: ஒரு நடைச் சுற்றுலா குறித்த மதிப்புரை

வடக்கு லண்டனில் ஆர்சனல் சுரங்க ரயில் நிலையத்தில் தொடங்கி, ஆர்சனல் கால்பந்துக் கிளப்பின் பழைய ஹைபரி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, அதன் இன்றைய எமிரேட்ஸ் அரங்கின் வெளிமுற்றத்தில் முடியும் ஒரு நடைச் சுற்றுலாவுக்குச் சென்ற மாதம் என் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். அதை நடத்துபவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கிளப்புக்கும் அவருக்கும் எந்த அலுவல் தொடர்பும் கிடையாது. ஆகவே அரங்குக்குள் நுழைவதோ, உடை மாற்றும் அறையைப் பார்ப்பதோ இதில் இல்லை. பெரியவர்களுக்கு 18 பவுண்டு, சிறுவர்களுக்கு 9 பவுண்டு கட்டணம். இரண்டரை மணி நேர நடை. ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பேச்சு முழுவதும் ஒரே மனிதரைப் பற்றியது. தொழில்முறைக் கால்பந்து இன்னும் இளமையாக இருந்த நாட்களில் ஊர் ஊராகச் சென்று ஆடி, பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் வாங்காமலே ஓய்ந்து, பின்னர் மேலாளர் என்ற வேலைக்கே இன்றைய வடிவத்தைக் கொடுத்த ஹெர்பர்ட் சாப்மன்தான் அவர்.

ஆர்சனல் ரசிகர்களிடம் கேட்டால் சாப்மனின் கதையை, அவர் அங்கே மேலாளராக வந்த 1925ஆம் ஆண்டில் தொடங்குவார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளாமல் அவர் ஹைபரியில் செய்தவற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தச் சுற்றுலாவுக்கு நான் பணம் கட்டியதும் அந்த முந்தைய காலத்தைப் பற்றியும் பேசுவோம் என்று அறிவிப்பில் எழுதியிருந்ததால்தான். அந்த வாக்கு பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது. ஒரே ஒரு முக்கியமான இடத்தில் மட்டும் கைவிடப்பட்டது.

நிலைய வாசலில் கூடியதும் வழிகாட்டி தன் பையிலிருந்து துணி ஒட்டிய ஒரு பழைய இங்கிலாந்து வரைபடத்தை எடுத்து, எதிர்வீட்டுத் தாழ்ந்த மதிலின்மேல் விரித்தார். அதில் சிவப்பு மசியால் அவர் வரைந்திருந்த கோடு, யார்க்‌ஷயரின் தென்கோடியில் உள்ள கைவிட்டன் பார்க் என்ற சுரங்கக் கிராமத்தில் தொடங்கியது. சாப்மன் அங்கே 1878 ஜனவரி 19 அன்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர் என்பதால் ஷெஃபீல்டில் சுரங்கப் பொறியியல் படித்தார். அங்கிருந்து சிவப்புக் கோடு ஸ்டேலிபிரிட்ஜ், ராச்டேல், கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், ஷெப்பி, வொர்க்சாப், நார்த்தாம்ப்டன், ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் என்று வளைந்து வளைந்து சென்று கடைசியில் டாட்டன்ஹாமில் நின்றது. சுமார் பத்து ஆண்டுகளில் இத்தனை ஊர்கள். பந்தாட்டத்தை மட்டும் நம்பி வாழ அவர் தயாராக இல்லாததால் பல ஆண்டுகள் ஊதியம் பெறாத ஆட்டக்காரராகவே இருந்தார். 1901இல் நார்த்தாம்ப்டன் டவுனில் சேர்ந்த பிறகுதான் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார், அதற்குப் பின்னும் ஒருமுறை ஊதியம் பெறாத நிலைக்குத் திரும்பினார்.

அவருடைய ஆட்டத் திறமையைப் பற்றி வழிகாட்டி மிகைப்படுத்தாமல் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. சாப்மன், மைய முன்கள ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் ஆடும் உள்முன்கள ஆட்டக்காரர். உடல் வலுவாலும் விடாமுயற்சியாலும் இடம் பிடித்தவர். சக ஆட்டக்காரர்கள் தன்னை எளிதில் அடையாளம் கண்டு பந்தைக் கொடுக்கட்டும் என்று வெளிர்மஞ்சள் கன்றுத்தோலில் செய்த பூட்ஸ் அணிந்து ஆடினார் என்பதுதான் அவருடைய ஆட்ட நாட்களிலிருந்து மக்கள் நினைவில் நின்ற செய்தி. வீட்டில் உண்மையான நட்சத்திரம் அவருடைய தம்பி ஹாரி. ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியோடு 1903லும் 1904லும் லீக் பட்டம் வென்று, 1907இல், தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் கையில் ஏந்தியவர் அவர். மஞ்சள் பூட்ஸ் கதையை இங்கே சொல்லிவிட்டு, வெள்ளைக் கைச்சட்டை வரும் இடத்தில் வழிகாட்டி அதை மறுபடி நினைவூட்டினார். வேகமாக ஓடும்போது ஓரக்கண்ணால் சக ஆட்டக்காரனைக் கண்டுகொள்ள வேண்டும் என்ற ஒரே கவலைதான் 1905இல் பூட்ஸின் நிறமாகவும், 1933இல் ஆர்சனலின் சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கையாகவும் வெளிப்பட்டது என்றார். நான் இத்தனை ஆண்டுகள் இந்த இரண்டையும் தனித்தனியாக அறிந்திருந்தும் சேர்த்துப் பார்த்ததில்லை.

1907இல் நார்த்தாம்ப்டன் டவுனுக்கு ஆடிக்கொண்டே அணியையும் நடத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை முதலில் டாட்டன்ஹாமில் சாப்மனோடு ஆடிய வால்டர் புல்லுக்குத்தான் வந்தது. அவர் மனம் மாறி, தன் இடத்துக்குச் சாப்மனின் பெயரைச் சொன்னார். சதர்ன் லீக்கில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. சாப்மனின் இரண்டாவது பருவமான 1908-09இல் அதே அணி பட்டம் வென்றது. ஓர் அணி அளவுக்கு மீறித் தாக்கிக்கொண்டே இருந்தால் எதிரணியின் பத்துப் பேரையும் அவர்கள் கோல் பக்கமே நெருக்கித் தள்ளிவிடுகிறது, நாமே நம் வழியை அடைத்துக்கொள்கிறோம் என்பதை அவர் கண்டுகொண்டது இங்கேதான். பின்வாங்கி எதிரணியை முன்னே வரவழைத்து, அவர்கள் விட்டுவந்த வெளியில் பந்தை விரைவாகக் கொண்டுசெல்லும் அந்த முறையே பின்னாளில் ஆர்சனலைப் பற்றி எதிரணி ரசிகர்கள் கொண்ட மனக்குறைக்கெல்லாம் காரணமானது.

நார்த்தாம்ப்டன் நாட்களில் வழிகாட்டி நிறுத்தி நிதானமாகப் பேசிய இன்னொரு செய்தி வால்டர் டல் பற்றியது. பார்படோஸிலிருந்து வந்த ஒருவரின் மகனான டல், டாட்டன்ஹாமில் ஆடியபோது பிரிஸ்டலில் கூட்டத்தினரின் நிறவெறி வசைக்கு ஆளானவர். அதன்பின் முதல் அணியில் அவருக்கு வாய்ப்புகள் அருகிப்போயின. 1911இல் அவரைச் சாப்மன் நார்த்தாம்ப்டனுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய டல், முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாக உயர்ந்து 1918 மார்ச்சில் பிரான்சில் உயிர் நீத்தார். இதைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் தழுதழுத்தது. குழுவில் இருந்த யாரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

இவ்வளவு அக்கறையோடு சொல்லிவந்தவர் லீட்ஸ் சிட்டி காலத்தை இரண்டே வாக்கியத்தில் கடந்துவிட்டார். என் முக்கியமான குறை இதுதான். சாப்மன் 1912இல் லீட்ஸ் சிட்டிக்குப் போனார். இரண்டாம் டிவிஷனின் அடிமட்டத்தில் இருந்த அணியை ஆறாம் இடத்துக்கும், அடுத்த ஆண்டே நான்காம் இடத்துக்கும் கொண்டுவந்தார். போர் வந்தது. 1916இல் லீட்ஸுக்கு அருகே பார்ன்பவ் என்ற இடத்தில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் நிர்வாகப் பொறுப்புக்குப் போய்விட்டார். போர் முடிந்தபின், அந்த ஆண்டுகளில் வேறு கிளப்புகளிலிருந்து வந்து விருந்தினராக ஆடியவர்களுக்கு விதிக்குப் புறம்பாகப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டிமேல் குற்றச்சாட்டு எழுந்தது. கணக்குப் புத்தகங்களைக் காட்டக் கிளப் மறுத்ததால் 1919 அக்டோபரில் லீக்கிலிருந்தே அது நீக்கப்பட்டது. ஆட்டக்காரர்களை ஒரு ஹோட்டலில் கூட்டி ஏலத்தில் விற்றார்கள். மொத்தம் 9,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. மாட்டுச் சந்தையில் நடப்பதுபோல மனிதர்கள் விலைபேசப்பட்ட அந்த நாளில் சாப்மன் கால்பந்திலேயே இல்லை. செல்பி என்ற ஊரில் ஓர் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் வாழ்நாள் தடை அவர்மேலும் விழுந்தது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார் என்று ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் அவருக்காக வாதாடிய பிறகே தடை நீங்கியது.

ஒரு மனிதரின் வாழ்வை நடந்துகொண்டே சொல்லும் சுற்றுலாவில் இந்த இடம் நடுத்தூண் அல்லவா? நாற்பது வயதைக் கடந்த நிலையில், சொந்தத் தொழிலுக்குள் நுழையவே கூடாது என்று வாசல் சாத்தப்பட்டவர் அவர். அந்த வாசல் மீண்டும் திறந்தபின் அவர் காட்டிய அவசரத்தையும், கிளப்பின் ஒவ்வொரு மூலையையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தையும் இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். நடை முடிந்தபின் இதை வழிகாட்டியிடம் நேரிலேயே சொன்னேன். நேரம் போதாமல் விட்டுவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார்.

ஹடர்ஸ்ஃபீல்ட் பகுதியோ இதற்கு நேர்மாறாக, கேட்கக் கேட்கச் சுவையாக இருந்தது. 1921இல் பொறுப்பேற்ற சாப்மன், ஆஸ்டன் வில்லாவிலிருந்து வந்த கிளெம் ஸ்டீவன்சனை மையமாக வைத்து அணியைக் கட்டினார். 1922இல் பிரெஸ்டனை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. 1923-24 லீக் பட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது வழிகாட்டி எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார். ஹடர்ஸ்ஃபீல்ட் அடித்தது 60, வாங்கியது 33. வேல்ஸ் நாட்டு அணியான கார்டிஃப் சிட்டி அடித்தது 61, வாங்கியது 34. இரண்டு அணிகளும் புள்ளிகளில் சமம். அந்தக் காலத்தில் அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துத்தான் முடிவு செய்தார்கள். என் மகன் கைபேசியில் கணக்குப் போட்டு, 1.818, 1.794 என்று உரக்கப் படித்தான். 0.024 வித்தியாசத்தில் பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனது. இன்றைய முறைப்படி கோல்களைக் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் 27 வரும். கூடுதலாக ஒரு கோல் அடித்த கார்டிஃப்தான் பட்டம் பெற்றிருக்கும். கடைசி நாளில் பர்மிங்ஹாமில் கார்டிஃப் ஒரு பெனால்டியைத் தவறவிட்டு 0-0 என்று முடித்ததையும் சேர்த்துச் சொன்னபோது, குழுவில் இருந்த வேல்ஸ் நாட்டுத் தம்பதி நூறாண்டு பழைய வலியோடு தலையை அசைத்தார்கள். அடுத்த ஆண்டும் பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கே. சாப்மன் போன பிறகும் அந்த அணி மூன்றாம் முறையாக வென்றது.

பிறகுதான் ரயில் நிலையத்துக்குள் இறங்கினோம். நடைமேடைச் சுவரில் பழைய ஓடுகளில் பெரிய எழுத்தில் கில்லஸ்பி ரோடு என்றிருக்கிறது. பெயர்ப்பலகையிலோ ஆர்சனல் என்றிருக்கிறது.

“ஸ்டேஷனுக்கு எதுக்குப்பா ரெண்டு பேரு?” என்று மகன் கேட்டான்.

வழிகாட்டி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல, 1906இல் திறந்த நிலையத்தின் பெயரை 1932இல் மாற்றவைக்கச் சாப்மன் ரயில் நிர்வாகத்தை எப்படி விடாமல் வற்புறுத்தினார் என்று விளக்கினார். ஒவ்வொரு வரைபடத்திலும் பயணச்சீட்டிலும் தன் கிளப்பின் பெயர் இருக்க வேண்டும் என்று 1930களின் தொடக்கத்திலேயே ஒரு கால்பந்து மேலாளர் யோசித்திருக்கிறார். அந்த ஓட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். விளிம்புகள் வழுவழுப்பாகத் தேய்ந்து, எழுத்தின் பழுப்பு நிறம் மட்டும் மங்காமல் இருந்தது. நிலையத்திலிருந்து மேலே வரும் சரிவான நீண்ட பாதையில், ஆட்ட நாள் கூட்டத்துக்காகக் கம்பித் தடுப்பு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஏற்றத்தை மனத்தில் கொள்வது நல்லது.

அவனெல் ரோட்டில் பழைய கிழக்கு அரங்கின் வெள்ளை முகப்புக்கு எதிரே நின்றபோது வழிகாட்டி ஒரு பொதுவான தவற்றைத் திருத்தினார். பலர் அந்தக் கட்டடத்தைச் சாப்மன் கட்டியதாக நினைக்கிறார்கள். அவர் காலத்தில் எழுந்தது 1932இல் திறந்த மேற்கு அரங்கு. கிழக்கு அரங்கு 1936இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின் வந்தது. 2006இல் ஆட்டம் நின்றபின் இப்போது எல்லாம் குடியிருப்புகள். ஆடுகளம் இருந்த இடத்தில் தோட்டம்.

அங்கே ஒரு மதிலின்மேல் பதினொரு செப்புக் காசுகளை அடுக்கி அவர் நடத்திய பாடம்தான் இந்தச் சுற்றுலாவின் உயிர். 1925 வரை, பந்தைப் பெறும் தாக்குதல் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு என்று ஆட்டம் நிறுத்தப்படும். அந்த ஆண்டு கோடையில் அதை இரண்டாகக் குறைத்தார்கள். முன்னே நகர்ந்து நின்று எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் பொறியையே நம்பிப் பழகிய பின்களம் ஒரே நாளில் திறந்த வீடாகிவிட்டது. அக்டோபர் 3 அன்று நியூகாசிலில் ஆர்சனல் 7-0 என்று தோற்றது. சண்டர்லேண்டிலிருந்து வந்திருந்த அணித்தலைவர் சார்லி புக்கன், மைய நடுக்கள ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து இரு பின்கள ஆட்டக்காரர்களுக்கும் நடுவே நிறுத்த வேண்டும் என்று முன்பிருந்தே வலியுறுத்திவந்தார். சாப்மன் இப்போது அதை ஏற்றார். வழிகாட்டி ஒரு காசைப் பின்னே நகர்த்தினார். அதனால் நடுவில் விழுந்த ஓட்டையைக் காட்டி, முன்களத்திலிருந்து ஒரு காசை அந்த இடத்துக்கு இறக்கினார். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று வென்றார்கள். அந்த இறங்கிய காசின் இடத்துக்கு நிறைவான ஆள் கிடைக்க 1929இல் அலெக்ஸ் ஜேம்ஸ் வரும்வரை நான்கு ஆண்டுகள் பிடித்தன. முறையைக் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை, அதற்கேற்ற மனிதர்களைச் சேர்ப்பதுதான் மேலாளரின் வேலை என்று அவர் சொல்லிக்கொண்டே காசுகளைப் பைக்குள் போட்டார். புத்தகத்தில் பலமுறை வாசித்தும் மனத்தில் பதியாத ஒன்று, தெருவோரத்தில் ஐந்து நிமிடத்தில் என் பன்னிரண்டு வயது மகனுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பின் சற்றே தொய்வு. 1928இல் போல்டனிலிருந்து டேவிட் ஜாக்கை வாங்கியபோது, பேரம் பேச வந்தவர்களுக்குத் தாராளமாக மதுவையும் தனக்கு ஜின் கலக்காத கிளாஸையும் ஊற்றிக் கொடுக்கும்படி சாப்மன் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்த கதையை வழிகாட்டி கால் மணி நேரம் நடித்துக் காட்டினார். நல்ல கதைதான், சாப்மனின் உதவியாளராக இருந்த பாப் வால் வழியாக வந்தது. ஆனால் அந்தப் பேரத்தின் பொருள் 10,890 பவுண்டு என்ற தொகையில் இருக்கிறது. பெரும் தொகை கொடுத்து ஆள் வாங்குவதையே நம்பியிருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று 1925இல் விளம்பரம் செய்த கிளப், மூன்றே ஆண்டுகளில் உலகச் சாதனைத் தொகையைக் கொடுக்கும் நிலைக்கு வந்தது எப்படி என்பதை அந்தக் கால் மணி நேரத்தில் பேசியிருக்கலாம்.

எதிர்பாராத நிறைவு 1930 கோப்பை இறுதியாட்டத்தைப் பற்றிச் சொன்னபோது கிடைத்தது. ஆர்சனலும் ஹடர்ஸ்ஃபீல்டும் வெம்ப்ளியில் மோதிய நாள். இரண்டு அணிகளையும் வளர்த்தவர் ஒருவரே என்பதால், அவருக்கு மரியாதையாக இரு அணியினரும் அருகருகே ஒன்றாகக் களத்துக்கு வந்தார்கள். ஆர்சனல் 2-0 என்று வென்றது. கிளப்பின் முதல் பெரிய கோப்பை அதுவே. 1930-31இல் 127 கோல்களோடு லீக் பட்டம், 1932-33இல் மீண்டும் பட்டம், இடையில் 1933 ஜனவரியில் வால்சால் என்ற சிறிய அணியிடம் கோப்பை ஆட்டத்தில் தோல்வி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே எமிரேட்ஸை நோக்கி நடந்தோம். சட்டையில் எண்கள், இரவு விளக்குகள், வெள்ளைப் பந்து, மைதானக் கடிகாரம் ஆகிய சாப்மனின் யோசனைகளை வழிகாட்டி ஒரு பட்டியலாக ஒப்பிக்காமல், ஒவ்வொன்றையும் அதிகாரிகள் எப்படித் தடுத்தார்கள் என்பதோடு சொன்னார். 45 நிமிடம் காட்டும் கடிகாரத்தைக் கால்பந்துச் சங்கம் ஏற்காததால்தான் சாதாரண மணிக்கூடு வைக்க நேர்ந்தது. 1932இல் பொருத்திய விளக்குகளின் கீழ் அதிகாரபூர்வ ஆட்டம் நடத்த, சாப்மன் இறந்து பல ஆண்டுகள் கழிந்து 1950கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நடை முடியும் இடத்தில் சாப்மனின் வெண்கலச் சிலை இருக்கிறது. 2011 டிசம்பரில், டோனி ஆடம்ஸ், தியெரி ஆன்ரி சிலைகளோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. வழிகாட்டி அங்கே சாப்மனின் கடைசி வாரத்தை மெல்லிய குரலில் சொன்னார். 1934 புத்தாண்டு நாளில் பரி அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனார், அங்கிருந்து ஷெஃபீல்டு, கடும் சளியோடு லண்டன் திரும்பியவர், மருத்துவரின் சொல்லையும் மீறி, தன் மூன்றாம் அணிப் பையன்களைப் பார்க்கக் கில்ட்ஃபோர்டுக்குப் போனார். ஜனவரி 6 அதிகாலை நிமோனியாவில் இறந்தார், வயது 55. அன்று பிற்பகல் ஹைபரியில் ஆர்சனல், தம்பி ஹாரியின் பழைய அணியான ஷெஃபீல்டு வென்ஸ்டேயோடு ஆடியது.

நடைமுறைச் செய்திகள் சில. ஆர்சனல் சொந்த மைதானத்தில் ஆடும் நாட்களில் இந்தச் சுற்றுலா கிடையாது. மழை வந்தால் ஒதுங்க இடம் குறைவு. வழியில் கழிவறை எதுவும் இல்லை, கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். போக்குவரத்து இரைச்சலில் வழிகாட்டியின் குரல் பின்வரிசைக்கு எட்டாததால் அவருக்கு அருகிலேயே நடப்பது உத்தமம். லீட்ஸ் பகுதிக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் 25 பவுண்டு கேட்டாலும் கொடுக்கலாம். இப்போதுள்ள நிலையிலும், அந்தச் சிவப்புக் கோட்டு வரைபடத்துக்காகவும் செப்புக் காசுகளுக்காகவும் மட்டுமே நண்பர்களைத் தயங்காமல் அனுப்புவேன்.

லண்டனின் ஹெண்டன் பகுதியில் உள்ள சாப்மனின் வீடும், செயின்ட் மேரி தேவாலயத்துக் கல்லறையும் இதில் சேரவில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்களாகவே போய்வந்தோம். ஹேசில்மியர் அவென்யூவில் 6ஆம் எண் வீட்டுச் சுவரில், புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் வைக்கும் நீல வட்டப் பலகை இருக்கிறது. கால்பந்து மேலாளர் ஒருவருக்கு வைத்த முதல் நீலப் பலகை அது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று மகன் அதைப் படம் எடுத்தான். பிறகு கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, கைவிட்டன் பார்க்குக்கு எந்த ரயிலில் போக வேண்டும் என்று பார்க்கச் சொன்னான்.